காரணம் என்ற நிரல்

முதலில் ஜன்னலைத்தான் விட்டது.
வெள்ளவத்தையில் நாலாம் மாடி ஜன்னல் கட்டு,
கீழே கடலோரத் தண்டவாளம்.
பின்னேரப் பாணந்துறை ரயில் போகும்போது
வாலை ஒருதரம் சுழற்றிவிட்டு
மற்றப் பக்கம் திரும்பிப் படுக்கிற இடம்.
ஒரு செவ்வாய்க்கிழமை கதிரைவரை ஏறியது,
கட்டை அண்ணாந்து பார்த்தது,
தூரத்தை மனதுக்குள் அளந்ததுபோல் கொஞ்சம் நின்று
இறங்கிப் போய்விட்டது.

வெக்கை என்றேன் நான்.
வயசு என்றான் சிந்துஜன். ஐந்து வயசு!
எதிர்வீட்டு ஸரீனா
பல்லியைத் தின்றிருக்கும், மஞ்சள் தண்ணி வையுங்கோ என்றார்.

நோகிற மனிசர் ஊரைக் கூட்டுவார்கள்.
எங்கள் மாசி
சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனது,
ரேடியோவில் பற்றறி இறங்குவதுபோல.
அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவே
ஒரு சாண் இருட்டில்
நாலு காலையும் உடம்புக்குள் மடித்து
றாத்தல் பாண்போல இருந்தது.
தடவப் போன கைக்கு
நான் அதுவரை கேட்டிராத ஒரு குரல்.

கணக்காய்வு எனக்குச் சோறு போடுகிற வேலை.
வேறென்ன தெரியும்?
சீ.ஆர். கொப்பியொன்றில் கோடு போட்டேன்:
திகதி. நேரம். செய்தது. காரணம்.

புதன் காலை. சூரைத் தலையை மணந்தது. ஒரு கடி.
தட்டே திருப்பிக் கடித்ததுபோல் பாய்ந்து ஓடியது.
வியாழன் இரவு. மண் பெட்டிக்கு வெளியே, என் சப்பாத்துக்குள்.
வெள்ளி. இடது முன்காலால் வாயைத் துடைத்தது.
பிறகும் துடைத்தது. பிறகும்.
சனி. ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்பதையும் எழுதினேன்.
காரணம் என்ற நிரல் மட்டும்
பக்கம் பக்கமாய் வெள்ளை.

நௌஷாட்டின் ஓட்டோவில் நுகேகொடைக்கு.
ஹைலெவல் வீதியின் ஒவ்வொரு பள்ளத்துக்கும்
சொரி, சொரி என்றான்.
எனக்கில்லை, கூடைக்கு.

டொக்டர் திலினிக்குத் தமிழ் கொஞ்சம்,
எனக்குச் சிங்களம் கொஞ்சம்.
கொஹெத ரிதென்னே, எங்கே நோகுது என்று
என்னைக் கேட்டாரா, மாசியைக் கேட்டாரா?
இரண்டு பேருமே பேசாமல் இருந்தோம்.
கொப்பியை நீட்டினேன்.

இரத்தம் சரி. சிறுநீரகம் சரி.
எக்ஸ்ரேயில், தொடை எலும்புக்குப் பக்கத்தில்,
ஒரு வெள்ளைப் பொட்டு.
காற்றுத் துவக்கின் குண்டு. பழசு.
தசை எப்போதோ அதைச் சுற்றி வளர்ந்துவிட்டது,
இப்போதைய நோவு இதனால் இல்லை என்றார்.

இதனால் இல்லை.
மூன்று வருடம் என் மடியில் கிடந்தது
இந்த ஈயத்தோடு.
எங்களிடம் வரமுதல்
கிருலப்பனைச் சந்தைக்குப் பின்னாலோ எங்கேயோ
ஒருவன் ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்திருக்கிறான்.
அதற்கு என் கொப்பியில் கோடே இல்லை.

பிறகுதான், மயக்கி, வாயைத் திறந்து,
பல்லுக்கென்று தனியே ஒரு சின்னப் படம்.
மேலே முழுதாய் நின்ற கடைவாய்ப் பல்
முரசுக்குக் கீழே
கறையான் தின்ற கதவு நிலைபோல் கரைந்திருந்தது.
ஏன் இப்படி வரும்?
கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:
தன்னே நே.
எனக்கு மட்டுமில்லை, ஒருவருக்குமே
சரியாய்த் தெரியாது.

பல்லை ஒரு குட்டிப் போத்தலில் தந்தார்கள்,
குறுணல் அரிசி அளவு.

பதினோராம் நாள். சூரைத் தலை முழுதும், சத்தம் போட்டு.
கதிரையில் ஏறியது. கட்டைப் பார்த்தது.
ரயில் போனது. ஏறவில்லை.
அப்படியென்றால் ஜன்னலை விட்டது எதனால்?
பேனையை மூடிவிட்டேன்.

அந்தப் பொட்டு இருக்கும் இடம்
விரலுக்கு இப்போது தெரியும்,
தொடாமல் சுற்றிப் போகிறது.
மாசிதான் உடம்பைத் திருப்பி
அந்தத் தொடையையே
என் கைக்குள் தள்ளுகிறது.